கருவிக்கு ஒரு பாயிரம்

ஒருவன் ஒன்றைச் செய்து முடித்தபின், 'இதை நான் செய்தேன்' என்கிறான். இச்சிறு தொடரில் 'நான்' என்னும் சொல் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தச்சன் நாற்காலி செய்தான் என்றால் யாருக்கும் ஐயம் எழாது. மரத்தை அவன் வளர்க்கவில்லை. உளியை அவன் வடிக்கவில்லை. ஆயினும் நாற்காலி அவனுடையதே. ஆனால் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, சீட்டுக்கட்டளவே உள்ள கணினிப் பலகை ஒன்றில் நான்கு கம்பிகளைச் செருகி, எவரோ எழுதிய நிரலை அதில் ஏற்றி, ஒரு விளக்கை எரியச் செய்து, 'இதை நான் செய்தேன்' என்று துள்ளும்போது, அந்த 'நான்' எவ்வளவு மெய்?

இது வெறும் தருக்க விளையாட்டன்று. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனுக்கு இவ்வினா ஒரு தாளின் வடிவில் மேசைமேல் வந்து கிடக்கிறது. புத்தாக்கப் போட்டிகளுக்கு மாணவரை அனுப்பும்போது, 'இப்படைப்பு மாணவரின் சொந்த முயற்சியால் உருவானது' என்று உறுதி கூறிக் கையொப்பமிட வேண்டிய தாள் அது. அதன் அடியில் மையிடுமுன் பேனா நிற்க வேண்டுமா, வேண்டாவா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அப்பலகையைப் பற்றிச் சில சொற்கள். ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி 2012 பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எபன் அப்டன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் அதை உருவாக்கினர். கணினியியல் கற்க அப்பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்போர் தொகை குறைந்து வந்தது. வருவோரும் கணினியைப் பயன்படுத்த அறிந்தாரேயன்றி, அதனை ஏவி வேலை வாங்கும் பயிற்சி குன்றியவராய் இருந்தனர். இந்தக் கவலையில் பிறந்ததே அப்பலகை. 1980களில் அந்நாட்டு வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்த பி.பி.சி. மைக்ரோ போன்ற கணினிகள், மின்விசையை இட்டவுடன், 'கட்டளை எழுதுக' என்று காத்து நிற்கும். பின்னர் வந்தவை மூடிய பெட்டிகளாயின. மூடிய பெட்டியை மீண்டும் திறந்து குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். கெட்டுப்போனாலும் தந்தை கடிந்துகொள்ளாத விலையில் கொடுக்க வேண்டும். அந்நாளில் அதன் விலை 35 அமெரிக்க டாலர். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, உறைகூட இல்லை. ஓர் ஓரத்தில் வரிசையாக ஊசிபோன்ற முட்கள் இருக்கும். தொடக்கத்தில் 26, 2014 முதல் 40. அம்முட்கள் வழியாகத்தான் கணினி வெளியுலகைத் தொடுகிறது. விளக்கை எரிக்கிறது, வெப்பத்தை அறிகிறது, மணியை அடிக்கிறது. இத்தாலியில் 2005ஆம் ஆண்டு பிறந்த ஆர்டுயினோ, பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பெற்ற மைக்ரோபிட் ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்த சிறு பலகைகளே.

இன்று இவை நம் ஊருக்குப் புதியன அல்ல. தைப்பூசத்தையொட்டி இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியே செல்லும். அதன்பின் தண்ணீர்மலைக்குச் செல்லும் காவடிகளில் வண்ணம் மாறி மாறி ஒளிரும் எல்.இ.டி. விளக்குகளைக் கண்டிராதவர் பினாங்கில் இரார். விளக்கை அணைத்து ஏற்றும் கலையை எந்தப் பள்ளியிலும் கற்காத இளைஞர்கள், இரவெல்லாம் அமர்ந்து அவ்விளக்குகளைக் கோப்பதை நான் கண்டிருக்கிறேன். பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் செயல்களில் எத்துணை ஊக்கம் ஒளிந்திருக்கிறது!

நான் குடியிருப்பது டத்தோ கிராமாட்டில். இச்சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் எழுந்து நிற்கும் இடத்தில் முன்னர் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் நிறுவனத்தின் ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் தோண்டிய தாது இங்கு வந்து உருகிப் பாளமாகிக் கப்பலேறியது. தமிழில் வெள்ளீயம், காரீயம் என இரண்டினைப் பிரித்தறிவோம். இங்கு உருக்கியது வெள்ளீயம். அதன் உருகுநிலை 232 பாகை செல்சியஸ். காரீயம் உருக 327 பாகை வேண்டும். ஆனால் வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்குமாகக் கலந்தால் அக்கலவை 183 பாகையிலேயே உருகிவிடுகிறது. தனித்தனியே நின்ற இரண்டைவிடவும் கூடியது எளிதில் இளகுகிறது. மின்கருவிகளின் கம்பிகளை இணைக்கும் பற்றாசு இதுவே. (காரீயம் உடலுக்குத் தீங்கு என்பதால் ஐரோப்பிய நாடுகள் 2006 முதல் மின்கருவிகளில் அதைக் கட்டுப்படுத்தின. நம் பள்ளிகளில் சிறுவர் கையில் பற்றாசு கொடுக்க விரும்பும் ஆசிரியர்கள் காரீயம் கலவாததையே வாங்குவார்களாக. சற்று விலை கூடும், பரவாயில்லை.) உலகின் வானொலிகளும் தொலைபேசிகளும் நெடுங்காலம் பற்றி நின்றது மலாயாவின் ஈயத்தால் என்றால் அது மிகையன்று. அதை உருக்கிய கைகள் இச்சாலையில் இருந்தன. அந்தப் பாளங்கள் எங்கே போயின, என்னவாயின என்று அக்கைகளுக்கு உரியோர் பலரும் அறிந்திரார்.

அதே கதை வேறோர் உருவில் மீண்டும் நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டு, டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை அவ்வாண்டு பினாங்கில்தான் அமைத்தது. வேலையின்றித் தவித்த தீவுக்கு அது வாழ்வளித்தது, மறுப்பதற்கில்லை. பட்டு நூலினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லின்மீது பற்றவைக்கும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் சென்றனர். என் தமக்கையாரும் 1970களின் இறுதியில் அவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். நாள்தோறும் நுண்ணோக்கியில் கண் பதித்துக் கம்பி இணைத்தார். அவர் தந்த பணத்தில்தான் நான் படித்தேன். அந்தச் சில்லு என்ன செய்யும் என்று நான் சிறுவனாய்க் கேட்டபோது, 'அது ஏதோ பெரிய இயந்திரத்திற்குள் போகும்' என்றார். அவர்தம் கை அறிந்தது அவர் கண்ணும் அறிந்தது. அறிவு மட்டும் வேறோர் ஊரில் இருந்தது. பின்னாளில் பினாங்கிலேயே சில்லுகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் தோன்றினர் என்பது உண்மை. ஆயினும் என் தமக்கையாரின் தலைமுறை, தான் ஆக்கியது இன்னது என்று அறியாமலே ஆக்கி ஓய்ந்தது.

ஆகவே இச்சிறு பலகை நம் பிள்ளைகளின் கைக்கு வந்தபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன். கையும் அறிவும் ஒரே மேசையில் அமர இதோ ஒரு வாய்ப்பு என்று எண்ணினேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தின் வழியாகவும், பள்ளி நேரத்திற்குப் பிந்திய கழகங்களின் வழியாகவும் நிரலும் கம்பியும் தமிழ்ப்பள்ளிகளுக்குள் நுழைந்தன. உடன் நுழைந்தன போட்டிகள். போட்டிகளின் பின்னே நுழைந்தன பதக்கங்கள்.

பதக்கத்தை இகழ நான் வரவில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் உள்ள நாட்டில், நாளிதழில் வெளிவரும் ஒரு பதக்கப் படம் நூறு சொற்பொழிவுகளுக்கு நிகர். ஆயினும் நம்முள் பலரும் அறிந்து, பேசாமல் விடுகின்ற ஒன்றை ஈண்டுப் பேசியாக வேண்டும். கருவியை வெளியார் ஒருவர் கட்டணம் பெற்றுச் செய்து தருகிறார். நிரல் ஆயத்தமாக வருகிறது. பெட்டி, வண்ணம், விளக்கப் பலகை எல்லாம் அச்சகத்திலிருந்து வருகின்றன. மாணவனுக்கு எஞ்சுவது, நடுவர் கேட்கக்கூடிய பத்து வினாக்களுக்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் விடையை மனனம் செய்வதே. அவன் அழகாகச் சொல்கிறான். நாம் கைதட்டுகிறோம். பிறருடைய அறிவை, தான் அறியாமல், தன் கையால் ஏந்தி நிற்கும் அந்தச் சிறுவனைக் காணும்போது எனக்கு நுண்ணோக்கியின்முன் குனிந்திருந்த என் தமக்கையார் நினைவுக்கு வருகிறார். ஒரு வேறுபாடு உண்டு. தமக்கையாரை யாரும், 'இதைக் கண்டுபிடித்தவர் நானே' என்று மேடையேறிச் சொல்லச் செய்ததில்லை.

இங்கே ஒரு தடை எழும், நேர்மையான தடை. 'பார்த்து எழுதுவதும் மனனம் செய்வதும் தமிழர் கல்வி முறையே அன்றோ? திண்ணைப் பள்ளியில் மணலில் ஆசான் கீறிய எழுத்தின்மேல் விரலோட்டித்தானே நம் முன்னோர் எழுத்தறிந்தனர்? எண்சுவடியைப் பொருள் அறியுமுன் வாய்ப்பாடமாகச் சொன்னவர்கள்தாம் பின்னர் கணக்கில் வல்லவராயினர். இன்று பிறர் நிரலைப் படியெடுக்கும் பிள்ளை நாளை தானே எழுதுவான். இதில் குற்றம் என்ன?' இத்தடையை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். பார்த்துச் செய்வது குற்றமன்று. அது கல்வியின் வாயில். மணலில் விரலோட்டிய சிறுவன், 'இந்த எழுத்தை வகுத்தவன் நானே' என்று சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இன்னொரு தடையும் உண்டு. இது சற்று ஆழமானது. 'முழுதும் அறிந்தபின்தான் உரிமை கொண்டாட வேண்டுமெனில் உலகில் எவனும் எதற்கும் உரிமை கொண்டாட முடியாது. கணினிச் சில்லினுள் இருப்பதை எந்தத் தனிமனிதன் முற்ற அறிவான்?' உண்மை. திறந்த பலகை என்று போற்றப்படும் ராஸ்பெரி பையின் நடுவில் இருக்கும் பிராட்காம் நிறுவனச் சில்லின் உள்ளமைப்பு முழுவதும் பொதுமக்களுக்கு வெளியிடப்பெற்றதன்று. ஆர்டுயினோப் பலகையின் வரைபடத்தை யாரும் எடுத்துத் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் அதிலுள்ள சில்லும் ஒரு மூடிய பெட்டியே. அறிவுக்கு அடித்தளம் தோண்டப் புகுந்தால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, 'இதற்குக் கீழ் நான் அறியேன். நம்பி ஏற்கிறேன்' என்று சொல்ல நேர்கிறது. அவ்வாறு சொல்வது இழுக்கன்று. எங்கே நிறுத்தினோம் என்பதைக் கூடத் தெரியாமல் இருப்பதே இழுக்கு.

அப்படியாயின் உரிமைக்கு எல்லை யாது? பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுண்டு. கருவி ஒழுங்காக இயங்கும்போது அதைச் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றுபோல் தோன்றுவர். அது நின்றுபோகும்போது இருவரும் வேறாவர். விளக்கு எரியவில்லை. செய்தவன் முதலில் கம்பியைப் பார்ப்பான். பின்னர் விளக்கின் நெடிய கால் எப்பக்கம் இருக்கிறது என்று பார்ப்பான். பின்னர் மின்தடையைத் தொடுவான். 330 ஓம் தடை ஏன் அங்கே இருக்கிறது என்று அவன் அறிவான். முள்ளில் இருந்து வருவது 3.3 வோல்ட், சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், எஞ்சிய 1.3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் சுமார் 4 மில்லி ஆம்பியர். தடை இல்லையேல் விளக்கோ பலகையோ கெடும். இவ்வளவே, இதற்கு மேல் அவன் அறிய வேண்டுவதில்லை. செய்யாதவனோ உரியவரைத் தொலைபேசியில் அழைப்பான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு இரண்டு படைப்புகள் வந்தன. ஒன்று, தானே நீரூட்டும் செடித்தொட்டி. பளபளப்பானது, கைப்பேசியில் செய்தி அனுப்பும். ஐந்து பெற்றோர் கூடிப் பணம் போட்டு வெளியார் ஒருவரிடம் செய்வித்தது. அதை விளக்க வந்த சிறுவன் நல்ல நாவன்மை உடையவன். அவன் விளக்கி முடித்தபின், மண்ணின் ஈரத்தை அறியும் உணரியின் கம்பி ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, 'தம்பி, இப்போது ஏன் நீர் வரவில்லை?' என்றேன். அவன் தன் விளக்கவுரையை முதலில் இருந்து மீண்டும் தொடங்கினான். அவன்மேல் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. கற்பித்ததை அவன் வழுவாது கற்றிருந்தான்.

மற்றொன்று ஒரு நீர்மட்டங் காட்டி. அட்டைப் பெட்டியில் கட்டியது, பார்வைக்கு எளியது. டத்தோ கிராமாட்டில் வாழ்வோர்க்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பினாங் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளிலும் பி. ரம்லி சாலையிலும் கனமழை என்றால் நீர் வீட்டுக்குள் வரும். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் தீவையும் பெருநிலத்தையும் மூழ்கடித்த வெள்ளத்தின்போது அச்சிறுமிக்கு நான்கு வயதிருக்கலாம். தன் பாட்டியின் தையல் இயந்திரம் நீரில் நின்றதை அவள் பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். ஆகவே வடிகாலின் நீர்மட்டம் உயர்ந்தால் மணியடிக்கும் கருவி செய்ய விரும்பினாள்.

கருவியின் நெறி எளிது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உணரி கீழ்நோக்கி அனுப்பும். நீரில் பட்டு எதிரொலி திரும்பும். சென்று மீண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். வௌவால் செய்வதும் இதுவே. அவள் பயன்படுத்திய உணரி 5 வோல்ட்டில் விடை தரும். பலகையின் முள்ளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இடையில் இரண்டு மின்தடைகளை வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நிரலை அவள் எழுதவில்லை. இணையத்தில் ஒருவர் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டிருந்ததைப் படியெடுத்தாள். ஆசிரியர் ஒருவர் கம்பிகளைச் சரிபார்த்தார். அதுவரையில், செடித்தொட்டிக்கும் இதற்கும் அறநோக்கில் பெரிய வேறுபாடு இல்லை என்றே சொல்வேன்.

வேறுபாடு பிறகு வந்தது. அளவுநாடா வைத்து ஒப்பிட்டபோது, 200 செ.மீ. தொலைவைக் கருவி 196 என்று காட்டியது. நாடா பழையது என்று முதலில் நினைத்தாள். வேறு நாடா கொணர்ந்தாள். 100 செ.மீ. வைத்தபோது 98; 50 வைத்தபோது 49. பிழை எப்போதும் ஒரே அளவாக இருந்தால் உணரி பொருத்திய இடம் தவறு எனலாம். ஆனால் தொலைவு பெருகப் பெருகப் பிழையும் அதே விகிதத்தில் பெருகுகிறது. நிரலில் எங்கோ ஓர் எண் இரண்டு விழுக்காடு குறைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்தாள். இந்த இடத்தில் யாரும் அவளுக்கு உதவவில்லை. நிரலில் 34300 என்று ஓர் எண் இருந்தது. ஒலி ஒரு நொடியில் செல்லும் தொலைவு, செண்டிமீட்டரில். என்னிடம் வந்து, 'ஐயா, ஒலியின் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதானா?' என்றாள். காற்றின் வெப்பம் கூடினால் ஒலி விரையும். 20 பாகை செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர், 31 பாகையில் ஏறத்தாழ 350 மீட்டர் என்று நான் சொன்னேன். சிறிது நேரம் நின்றாள். 'அப்படியானால் இந்த எண்ணை எழுதியவர் குளிர் நாட்டில் இருந்தாரா, ஐயா?'

அவள் 35000 என்று மாற்றினாள். கருவி 200 காட்டியது. அந்த நிரலில் அவள் எழுதியது அந்த ஓர் எண் மட்டுமே. ஆனால் அதன்பின் அக்கருவி அவளுடையதாயிற்று என்று நான் சொல்வேன். எவ்வளவு அவளுடையது என்றும் சொல்ல முடியும்.

'எவ்வளவு' என்பதைச் சொல்லத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. நன்னூல் கற்பிக்கும் நமக்கு அது மறந்தும் போகாத செய்தி. நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகை. வழிநூல் என்பது முன்னோர் நூலோடு பொருள்முடிபில் ஒத்துச் சென்று, பின்னவன் தான் வேண்டும் வேறுபாட்டையும் ஏற்றி உரைப்பது. இரண்டு விழுக்காடு வேறுபாடானாலும் அது வேறுபாடே. வழிநூல் செய்தவனைப் பவணந்தியார் இழித்துரைக்கவில்லை. நம் இலக்கியச் செல்வத்தில் பெரும்பகுதி வழிநூலே. வழிநூலை முதல்நூல் என்று பறைசாற்றுவதுதான் மரபுக்கு அயலானது. சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது 'வழி'. யார் செய்தார் என்று சொன்ன மூச்சிலேயே, எதன் வழியாகச் செய்தார் என்றும் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு அச்சிட்டது முதலாகத் தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு தந்து உதவியவர்களை நன்றியுடன் குறித்து வந்ததும் இம்மரபின் தொடர்ச்சியே. இக்காலத்தில் நிரலைப் பொதுவில் வெளியிடுவோர் பலரும் விதிக்கும் கட்டுப்பாடு என்ன தெரியுமா? எடுத்துக்கொள்க, மாற்றுக, விற்கவும் செய்க; ஆனால் முதலில் எழுதியவர் பெயரை நீக்காதீர். பாயிரத்தை நீக்காதே என்பதுதான்! இன்று கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. தமிழில் கேட்டாலும் தருகிறது. அதையும் வழியில் குறிக்கலாமே. குறிக்க நாணினால், அந்த நாணமே ஒரு செய்தி சொல்கிறது.

சிறப்புப்பாயிரத்தில் நான் மிகவும் வியப்பது இன்னொன்று. அதை நூல் செய்தவன் தானே பாடுதல் மரபன்று. அவன் ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரை செய்தவனோ பாட வேண்டும். இதைத் தற்புகழ்ச்சியைத் தடுக்கும் ஏற்பாடு என்றே பலரும் விளக்குவர். எனக்கு அது சான்றுக்கான ஏற்பாடாகவும் தோன்றுகிறது. உடன் இருந்து பார்த்தவன் அல்லவா அறிவான், எது அவனுடையது, எது பிறருடையது என்று?

ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் கொணர்ந்தேன். ஒவ்வொரு கருவிக்கும் அரைத்தாள் பாயிரம் இணைக்கப்பட வேண்டும். அதைச் செய்தவர் எழுதக்கூடாது, உடன்பயில்வோர் ஒருவர் எழுத வேண்டும். எழுதுபவர் கருவியின் ஒரு கம்பியைக் கழற்றி, செய்தவர் அதைக் கண்டறியும் வரை காத்திருந்து, பின்னரே எழுத வேண்டும். நீர்மட்டங் காட்டியின் பாயிரத்தில், நிரலை இணையத்திலிருந்து எடுத்தது, கம்பிகளை ஆசிரியர் சரிபார்த்தது, ஒலியின் வேகத்தைத் தலைமையாசிரியர் சொன்னது, எண்ணில் பிழை இருப்பதைச் செய்தவளே கண்டது என நான்கும் அவள் தோழியின் கோணல் எழுத்தில் இருந்தன. போட்டிப் படிவத்தின் உறுதிமொழிக்கு அடியில், 'இணைத்துள்ள பாயிரத்திற்கு உட்பட்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். செடித்தொட்டிக்கும் அவ்வாறே பாயிரம் இணைக்குமாறு கேட்டேன். பணம் போட்ட பெற்றோர் உடன்படவில்லை. பாயிரமின்றி நான் கையொப்பமிடவில்லை. அது போட்டிக்குச் செல்லவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அச்சிறுவனின் தந்தை எழுந்தார். கனவுந்து ஓட்டுபவர். 'மற்றப் பள்ளிகளில் எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள், ஐயா? உங்கள் நேர்மைக்கு என் மகன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?' என்று கேட்டார். கூட்டத்தில் பலர் அவர் பக்கம் தலையசைத்தனர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பிறர் முறை தவறி ஓடும் பந்தயத்தில் தன் பிள்ளையை மட்டும் கோட்டுக்குள் ஓடச் சொல்பவன், அந்தப் பிள்ளையின் இழப்பில் தன் மனத்தூய்மையை வாங்குகிறான் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆசிரியன் தன் கையொப்பத்தைக் காத்துக்கொள்வது அறமாகலாம்; அதோடு நின்றுவிட்டால் அது வெறும் தற்காப்பே. அச்சிறுவனுக்கு நான் கடன்பட்டிருந்தது பதக்கமன்று. அந்தக் கம்பி கழன்றபோது என்ன செய்வது என்னும் அறிவு. அதைத் தரும் பொறுப்பு பள்ளிக்கு இருந்தது என்றும், செடித்தொட்டியை மேசைமேல் பிரித்துப் போட்டு அவனும் அவன் நண்பர்களும் மீண்டும் கட்டுவார்கள் என்றும் கூட்டத்தில் சொன்னேன். ஒரு பள்ளித் தவணை முழுவதும் வியாழன் மாலைதோறும் கட்டினார்கள். இறுதியில் நீர் வந்தது, ஆனால் கைப்பேசிக்குச் செய்தி போகவில்லை. தந்தைக்கு அது ஆறுதலாக இல்லை. சாலையில் எதிர்ப்பட்டால் இன்றும் அவர் தலையசைப்பாரேயன்றி நின்று பேசுவதில்லை.

நீர்மட்டங் காட்டிக்குப் பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே கிடைத்தது. பாயிரத்தை நடுவர் படித்தாரா என்று அச்சிறுமியைக் கேட்டேன். புரட்டிப் பார்த்தார் என்றாள்.

அவள் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். கருவி பள்ளியிலேயே இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பின்புற வடிகாலின்மேல் அதைக் கட்டி வைத்தபோது வேறொரு சிக்கல் தோன்றியது. மழைத் துளிகளிலும் ஒலி பட்டுத் திரும்புவதால், நீர் உயராமலேயே மணி அடித்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் அதைத் திருத்த முற்பட்டுள்ளனர். ஐந்து முறை அளந்து, அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றுகிறார்கள். இன்னும் முடியவில்லை, கனத்த மழையில் ஐந்தில் மூன்று தவறாகவே வருகின்றன. அவர்களின் வகுப்புத் தோழன் எழுதிவரும் பாயிரத்தில் 'வழி' என்னும் தலைப்பின்கீழ் இணையத்தில் நிரல் எழுதியவர் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அச்சிறுமியின் பெயர்.